கொள்ளிடத்தில் சுவர் எழுப்புமுன் மாதிரி ஓட்டிக் காட்டு!

(ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



ஆத்துல சுவரே கட்டாதேன்னு நாம சொல்ல வரல. கட்டினா தண்ணி எந்தப் பக்கம் பாயும்னு முதல்ல காட்டு என்கிறோம்.

நம்ம வாய்க்காலையே எடுத்துக்குங்க. பாதியை மண் போட்டு அடைச்சா மேல தண்ணி ஏறி நிக்குது. இடுக்குல வேகமெடுத்து அடிமண்ணைப் பறிக்குது. தாண்டினதும் வேகம் குறைஞ்சு வண்டலை ஓரத்துல போடுது. ஆறும் அப்படித்தான். ஒரு கரையில் சுவரை உள்ளே தள்ளிக் கட்டினால் எதிர்க்கரைப் படுகை நிலம் அரிக்கப்படும். துறையில் மணல் மேடிட்டால் பரிசல் தரை தட்டும்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் உடைந்தன. அதே மாதம் திருச்சி கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. 2022 வெள்ளத்தில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு மக்களைப் படகில்தான் கரை சேர்த்தார்கள். அன்னைக்குப் படகு போக வழி இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்?

இதை முன்கூட்டியே பார்க்க வழி இருக்கு. புனே அருகே 1916 முதல் மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் பூண்டியிலும் அரசு ஆய்வுக்கூடம் இருக்கிறது. 100-ல் ஒரு பங்கு அளவில் ஆற்றையே அங்கே கட்டலாம். 1 கிலோமீட்டர் அகலம் 10 மீட்டராகும். 1 லட்சம் கன அடி வெள்ளத்துக்கு 1 கன அடி போதும். ஒரு நாள் வெள்ளம் 2 மணி 24 நிமிடத்தில் ஓடி முடியும். சுவர் இல்லாமல் ஒரு தடவை, சுவர் வைத்து ஒரு தடவை ஓட்டினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கம்ப்யூட்டரிலும் கணக்குப் போடலாம். ஆனா மணல் அள்ளின பள்ளத்தை அளக்காம, பழைய வரைபடத்தை வச்சுப் போட்டா அந்தக் கணக்கு பொய்க் கணக்கு!

ஆகவே நாம் கேட்பது:

1. ஆற்றுப் படுகையைப் புதிதாக அளந்திடு. எந்த வெள்ளத்துக்கு எங்கே சுழல், எங்கே மேடு என்று பரிசல்காரர்களிடமும் கேட்டு எழுது.

2. டெண்டருக்கு முன் மாதிரி ஆய்வு நடத்து. இரு கரையையும், துறையையும் சேர்த்துப் பார்.

3. முடிவைத் தமிழில், கிராம சபையில் வை.

ஒரு கரையைக் காக்க மறு கரையைக் காவு கொடுக்காதே! ஒன்றுபடுவோம், வெற்றி பெறுவோம்!