எண்ணிக்கையைக் காட்டி உரிமையை மறுக்கலாகாது
(உலகத் தாய்மொழி நாளையொட்டித் திருப்பதியில் ஆற்றிய உரை)



1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அதன் பகுதியாயிற்று. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது; சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்கு வந்தது. கோட்டை எங்கு வரைந்தாலும் இருபுறமும் மொழிச் சிறுபான்மையினர் எஞ்சவே செய்வர். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் வாழும் தமிழ்க் குழந்தைகள் அவ்வாறு எஞ்சியவர்களின் வழித்தோன்றல்கள்.

இவர்களுக்காகவே 1956இல் அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்குப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அது. அதற்கு முன்பே, 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஓர் அளவுகோலை வகுத்தது: பள்ளியில் 40 பேர், அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தால் அம்மொழிக்கு ஓர் ஆசிரியரேனும் நியமிக்கப்பட வேண்டும்.

நடைமுறையில் இந்த அளவுகோல் உரிமையை மறுக்கும் கருவியாகிவிடுகிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியரின் இடம் நிரப்பப்படாவிட்டால், பாடநூல் காலத்தில் வராவிட்டால், பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுகின்றனர். பிறகு, ‘மாணவர் இல்லை’ என்று சொல்லி வகுப்பையே மூடலாம். புறக்கணிப்பால் குறைந்த எண்ணிக்கையே மேலும் புறக்கணிப்பதற்குச் சான்றாக்கப்படுகிறது.

லெனின் 1913இல் இதே கேள்வியை எதிர்கொண்டார். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பீட்டர்ஸ்பர்க் தொடக்கப் பள்ளிகளில் பயின்ற 48,076 பேரில் ஜார்ஜியக் குழந்தை ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு குழந்தைக்கும் ஆசிரியரின் ஊதியத்துக்கு அரசு பங்களிக்கக் கோரலாம் என்றார் அவர். தேசிய இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிக்கும் திட்டத்தை எதிர்த்த அதே கட்டுரையில்தான் இதைச் சொன்னார். ஒரே பள்ளியில் சேர்ந்து பயில்வதும் தாய்மொழியைக் கற்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

மொழிபெயர்ப்பே என் பணி. பயிற்சி பெற்றவருக்கும் அது களைப்பூட்டும் வேலை. ஆறு வயதுக் குழந்தை ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே கணக்கும் கற்க வேண்டும் என்பது எவ்வகையில் நீதி? அதிலும் தோற்பது யார்? தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாத விவசாயக் கூலியின் பிள்ளையும் நெசவாளியின் பிள்ளையுமே.

2019 நவம்பரில் அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற ஆந்திர அரசு ஆணையிட்டது. 2020 ஏப்ரல் 15 அன்று உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த விவாதம் பெரும்பாலும் தெலுங்கா, ஆங்கிலமா என்றே நடந்தது. தமிழ், கன்னடம், ஒடியா பேசும் குழந்தைகளின் குரல் அதில் போதிய அளவு ஒலிக்கவில்லை.

இங்கே தமிழுக்குக் கேட்பதை அங்கே தெலுங்குக்கு மறுக்கும் உரிமை நமக்கில்லை. தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்பில் தம் தாய்மொழித் தேர்வை எழுதும் வாய்ப்பைத் தெலுங்கு, கன்னட, உருது மாணவர்கள் கோரி வந்துள்ளனர். அக்கோரிக்கையும் நம்முடையதே. மாநில மொழியைக் கற்பதை நாம் எதிர்க்கவில்லை. தாய்மொழியை இழந்துதான் அதைக் கற்க வேண்டும் என்பதையே எதிர்க்கிறோம்.

ஆகவே ஆந்திர அரசிடம் நாம் கோருவது இவையே: காலியாக உள்ள தமிழாசிரியர் பணியிடங்களை நிரப்புக; பள்ளி திறக்கும் நாளன்றே தமிழ்ப் பாடநூல் வழங்குக; எண்ணிக்கையைக் காட்டித் தமிழ் வழி வகுப்புகளை மூடாதே. இவற்றைத் தமிழ்ப் பெற்றோர் மட்டுமன்றி, தெலுங்குத் தோழர்களும் முன்னின்று எழுப்ப வேண்டும். சிறுபான்மையின் உரிமைக்காகப் பெரும்பான்மை குரல் கொடுக்கும்போதுதான் உழைக்கும் மக்களின் ஒற்றுமை உறுதிப்படும்.