சுவரில் ஒட்டிய கணிதம்



ரஷ்ய நாட்டுப் பண்ணை மாளிகை ஒன்றில் குழந்தைகள் அறைக்குச் சுவர்த்தாள் போதவில்லை. தந்தையார் இளமையில் வாங்கி வைத்திருந்த நுண்கணிதப் பாடத்தாள்களை எடுத்து ஒட்டிவிட்டனர். அவற்றின் முன் நெடுநேரம் நின்ற சிறுமியே, 1850-இல் பிறந்த சோபியா கோவலெவ்ஸ்காயா. பொருள் விளங்கவில்லை, வடிவங்கள் நெஞ்சில் பதிந்தன. பின்னர் ஆசிரியர் கற்பித்தபோது முன்பே அறிந்தவர்போல் பற்றிக்கொண்டார்.

மணமாகாத பெண் தனியே வெளிநாடு செல்ல இயலாத காலம் அது. எனவே பெயரளவில் ஒரு திருமணம் செய்துகொண்டு ஜெர்மனி சென்றார். பழிப்போர் பழிக்கட்டும், வேறு வழி அவருக்கு இல்லை. பெர்லின் பல்கலைக்கழகமோ பெண்ணுக்கு வகுப்பில் இடமில்லை என்றது. கணித மேதை வயர்ஸ்டிராஸ் நான்கு ஆண்டுகள் தனியே கற்பித்தார். 1874-இல் முனைவர் பட்டம் வந்தது, வேலை வரவில்லை. பத்தாண்டு கழித்தே ஸ்டாக்ஹோமில் கற்பிக்கும் வாய்ப்புக் கிட்டியது.

1888-இல் பாரிஸ் அறிவியல் கழகம் ஒரு போட்டி நடத்தியது. கட்டுரையில் எழுதியவர் பெயர் இருத்தலாகாது. பெயர் தனி உறையில். சுழலும் திண்பொருள் பற்றிய ஒரு கட்டுரையின் சிறப்பால், 3000 பிராங்குப் பரிசு 5000 ஆக உயர்த்தப்பெற்றது. உறைக்குள் இருந்தது சோபியாவின் பெயர்!

மறு ஆண்டே ஸ்டாக்ஹோம் அவரை நிலையான பேராசிரியராக்கியது. தாய்நாட்டுக் கழகம் உறுப்பினர் பெருமை தந்தது, பணி தரவில்லை. 1891-இல், 41 வயதில், ஸ்டாக்ஹோமிலேயே மறைந்தார்.