குதிரையின் வலிக்கு யார் சாட்சி?



வாயில்லா உயிர்களுக்காக வாழ்ந்த ஒருவரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்குக் கடல்கடந்த ஒரு வழக்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஷெல்பிவில் என்றொரு ஊர். 1939 முதல் அங்கே குதிரைப் பெருவிழா நடக்கிறது. டென்னசி வாக்கிங் ஹார்ஸ் என்ற இனம் பிறவியிலேயே அலுங்காத நடை கொண்டது. நாள் முழுக்கச் சவாரி செய்தாலும் உடம்பு நோகாது. ஆனால் அங்கே பெரிய பரிசுகளை வாங்கித் தருவது அந்த நடை அன்று. முன்னங்கால்களை உயரத் தூக்கி வீசுகிற ‘பிக் லிக்’ என்ற நடை.

அந்த நடையை வரவழைக்கப் பலர் கையாண்ட வழியைச் சொல்லியாக வேண்டும். குளம்புக்குச் சற்று மேலே, தோலில் காரமான கடுகுத் தைலத்தையோ டீசலையோ மண்ணெண்ணெயையோ தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி ஊறவிடுவார்கள். புண்ணான இடத்தில் சங்கிலி மாட்டுவார்கள். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் சங்கிலி புண்ணில் இடிக்கும். வலி பொறுக்காமல் குதிரை காலைத் தூக்கும். அரங்கம் கைதட்டும். இந்தக் கொடுமைக்கு அங்கே ‘சோரிங்’ என்று பெயர்.

மேரிலாந்து செனட்டர் ஜோசப் டைடிங்ஸ் முன்னின்று கொண்டுவந்த குதிரைப் பாதுகாப்புச் சட்டம் 1970இல் நிறைவேறியது. சட்டம் வந்துவிட்டது, யார் போய்ப் பார்ப்பது? வேளாண்மைத் துறையிடம் அத்தனை மருத்துவர்கள் இல்லை. 1976இல் சட்டத்தைத் திருத்தியபோது இந்த வேலைக்கு ஒதுக்கலாம் என்று வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 5 லட்சம் டாலர். அந்தத் திருத்தத்தை ஒட்டித்தான் பரிசோதனை தொழில்துறையின் கைக்கே போனது. குதிரைத் தொழில் அமைப்புகள் பரிசோதகர்களுக்குப் பயிற்சி கொடுத்து உரிமம் வழங்கும். அந்த அமைப்புகளின் திட்டத்துக்குத் துறை சான்றளிக்கும். பரிசோதகர் மருத்துவராக இருக்க வேண்டும் என்றில்லை. குதிரை பயிற்றுநரோ லாடம் அடிப்பவரோ போதும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பரிசோதகரை அமர்த்தாமல் போட்டி நடத்தினால், புண்பட்ட குதிரை ஒன்று களத்தில் இறங்கினாலும் நடத்துபவரே பொறுப்பு. அமர்த்திவிட்டாலோ, பரிசோதகர் சுட்டிக்காட்டிய குதிரையை விலக்கினால் பொறுப்பு கழிந்தது. அவர் சுட்டிக்காட்டாத குதிரை? அதற்கு நடத்துபவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆக, அதிகம் கண்டுபிடிக்காத பரிசோதகரே எல்லோருக்கும் சௌகரியம்.

பரிசோதனையையும் அருகில் பார்ப்போம். குதிரையை நடக்கவிட்டுப் பார்த்த பிறகு, பரிசோதகர் குனிந்து அதன் காலைக் கையில் ஏந்துகிறார். குளம்புக்கு மேலே, முன்னும் பின்னும், கட்டைவிரலின் மெத்தென்ற பகுதியால் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பார்க்கிறார். குதிரை காலை வெடுக்கென்று இழுத்தால் வலி இருக்கிறது என்று பொருள். இதையும் தோற்கடிக்க வழி கண்டார்கள். தொழுவத்தில் பொய்ப் பரிசோதனை நடத்தி, குதிரை அசையும்போதெல்லாம் அடிப்பது. வலியைக் காட்டினால் இன்னும் பெரிய வலி வரும் என்று அதற்குக் கற்றுக்கொடுப்பது. கால்நடை மருத்துவம் பயிலும் மாணவர்களே, நோயாளி தன் வலியை மறைக்கப் பழக்கப்பட்டிருக்கும் இடத்தில், கண்டறிபவரின் நேர்மைதான் கடைசித் துணை.

அந்த நேர்மை எந்த நிலையில் இருந்தது என்பதைத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2010இல் தணிக்கை செய்து சொன்னது. 2005 முதல் 2008 வரை, பரிசோதகர்கள் பணியாற்றிய போட்டிகளில் அரசு மருத்துவர்கள் நேரில் இருந்தவை 6 விழுக்காடுதான். பரிசோதகர்கள் எழுதிய மீறல்களில் 49 விழுக்காடு அந்தச் சில போட்டிகளில் பதிவானவை! என் பேச்சு முழுவதும் இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கும். கட்டைவிரலும் அதே, குதிரைகளும் அதே. பக்கத்தில் அரசு நின்றபோது மட்டும் புண் தென்பட்டது. பரிசோதகர்களில் பலர் வேறொரு போட்டியில் தாங்களே குதிரை இறக்குகிறவர்கள். வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதைதான். இந்த ஏற்பாட்டையே கைவிடும்படி தணிக்கை பரிந்துரைத்தது.

அரசு நேரில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2006ஆம் ஆண்டு ஷெல்பிவில்லே சான்று. இறுதிப் போட்டிக்கு வந்த 10 குதிரைகளில் 3 மட்டுமே தேறின. அவ்வாண்டு பெரும் பட்டம் யாருக்கும் இல்லை.

பிறகு துறை விழித்தது, ஆனால் நீதிமன்றங்களில் வழுக்கியது. அமைப்புகள் குறைந்தபட்சத் தண்டனைகளைக் கட்டாயம் விதிக்க வேண்டும் என்ற 2012ஆம் ஆண்டு விதியை 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. அப்படிக் கட்டளையிடச் சட்டம் இடம் தரவில்லை என்றது. என் பார்வையில் இது சட்டத்தின் பிழை. சான்று கொடுக்கவும் பறிக்கவும் முடிந்த அரசுக்கு, அந்தச் சான்றை வைத்திருப்பவரின் அன்றாட நடத்தையைத் திருத்தும் வலிமை இல்லை.

2021இல் தேசிய அறிவியல் கழகங்களின் குழு, மருத்துவர்கள் மட்டுமே குதிரைகளைப் பரிசோதிக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னது. டைடிங்ஸ் பெயரைத் தாங்கிய திருத்த மசோதா 2019இலும் 2022இலும் கீழவையில் பெரும்பான்மையோடு நிறைவேறி, செனட்டில் முடங்கியது. 2024 மே மாதம் துறை புதிய விதியை வெளியிட்டது: தொழில்துறைப் பரிசோதகர்களுக்கு விடை, துறை அங்கீகரிக்கும் பரிசோதகர்களே வருவார்கள், இந்த இனத்துக்குச் சங்கிலியும் குளம்படியில் பொருத்தும் அடுக்கு லாடமும் கூடாது. 2025 ஜனவரி 31 அன்று டெக்சாஸில் ஒரு கூட்டாட்சி நீதிபதி சங்கிலித் தடை உள்ளிட்ட முக்கியப் பகுதிகளை ரத்து செய்தார். எஞ்சியதில் பெரும்பகுதியைத் துறையே தள்ளிவைத்தது. 2010இல் கைவிடச் சொன்ன ஏற்பாடு 2025இலும் தொடர்ந்தது.