நினைவகத்தின் ஏடுகள்

குர்லாவின் லோகமான்ய திலக் முனையத்தில், ஊருக்குப் புறப்படும் நம்மவர் மூட்டைகளைக் கிளோக் ரூமில் ஒப்படைத்துச் சீட்டுப் பெறுவதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். கம்ப்யூட்டரின் நினைவகத்திலும் ஏறத்தாழ இத்தகைய கணக்கே நடைபெறுகிறது.

நினைவகத்தைச் சமமான பக்கங்களாகப் பகுக்கும் முறையை 1962-இல் மான்செஸ்டரின் அட்லஸ் இயந்திரம் நடைமுறைப்படுத்திற்று. அதன் பக்கம் 512 சொற்கள் கொண்டது. அக்காலத்தே பம்பாயில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் அமைந்த டிஃப்ராக் இயந்திரத்தின் நினைவகம் முழுவதுமே 2,048 சொற்கள்தாம். எண்ணிக்கையில் அட்லஸின் நான்கு பக்கங்கள்!

இன்று லினக்ஸில் பக்கமொன்று பெரும்பாலும் 4,096 பைட். ஒவ்வொன்றுக்கும் 64 பைட் அளவில் பதிவேடு உண்டு. 16 ஜிகாபைட் நினைவகமாயின், பதிவேடே 256 மெகாபைட்டை விழுங்கிவிடும்.

டிரைவர் என்பது ஈண்டு வண்டியோட்டி அன்று. கருவிகளை இயக்கும் நிரல். வலையட்டையின் டிரைவர் சில பக்கங்களைக் கடன் பெற்று, அவற்றின் முகவரியை அட்டைக்குத் தருகிறது. அட்டை தானாகவே அவற்றில் எழுதுகிறது. எழுதி முடியுமுன் டிரைவர் பக்கத்தைத் திருப்பிவிட்டால், அது வேறொரு நிரலுக்குப் போய்ச் சேரும். அட்டையோ அந்நியரின் மூட்டையில் எழுதிக்கொண்டிருக்கும்! திருப்பாமலே இருந்துவிட்டாலோ, நினைவகம் சிறுகச் சிறுக வற்றும். ஆதலின், பக்கத்தை எத்தனை பேர் பற்றியிருக்கின்றனர் என்ற எண்ணிக்கை பிழையற இருத்தல் வேண்டும்.

தொல்லை யாதெனில், பல பக்கங்களை ஒரே கட்டாகக் கட்டும்போது அவ்வெண்ணிக்கை முதற்பக்கத்தில் மட்டுமே இருக்கும். கைக்கு வந்தது முதற்பக்கமா, இடைப்பக்கமா என்று ஒவ்வோரிடத்திலும் சோதிக்க வேண்டியிருந்தது. மேத்யூ வில்காக்ஸ் இதற்கு 'ஃபோலியோ' என்னும் புதுவகையை வகுத்தார். 2022 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 5.16-இல் அது இடம்பெற்றது. ஃபோலியோ எனில் அது இடைப்பக்கமாக இராது என்பது உறுதி. (ஆய்த எழுத்தை அச்சகத்தார் விட்டுவிட்டால் நோயின் பெயராகிவிடுமென அஞ்சி, மொழிபெயர்ப்பாளராகிய நாம் 'ஏட்டுக்கட்டு' என்றே எழுதிப் பார்த்தோம், சுவடி கண்ட தமிழருக்கு அது அந்நியமாகத் தோன்றாது.)

டிரைவர்களைத் திருத்தும் வேலை மெல்லவே நடக்கிறது. பதிவேட்டை நேரே எட்டிப் பார்த்துப் பழகிய நிரலில், ஓர் ஏடு வேண்டுமா, கட்டு முழுவதும் வேண்டுமா என வரிதோறும் முடிவு செய்தாக வேண்டும். ஏடு வேண்டிய இடத்தில் கட்டைத் தந்தால் கம்பைலரே கண்டித்துவிடும். புதிய லினக்ஸில் பழைய டிரைவர் தொகுபடாமல் நின்று, உரியவரை அலைக்கழிப்பதும் உண்டு. ஆயினும், ஓசையின்றி அயலார் மூட்டையில் எழுதும் டிரைவரைவிட, வாசலிலேயே நின்றுவிடும் டிரைவர் நமக்கு உகந்ததே.