கணக்குக் கேட்பது பகையன்று!

(வரிப்பத்தான்சேனையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகத்தின் வருடாந்தக் கணக்காய்வு பற்றி இவ்வூரில் பேசப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் நகைத்தார். “வரம்பு கட்டுகிறவனுக்கு வரவு செலவு அறிக்கை எதற்கு?” என்று கேட்டார். அவருக்கு நான் கூறிய விடை இதுதான்: களவெட்டியில் நெல்லை அளக்கும்போது எத்தனை அவணம் கண்டது, எத்தனை அவணம் கூலிக்குப் போனது, எத்தனை அவணம் வீடு வந்தது என்று கேளாத விவசாயி இம்மாவட்டத்தில் உண்டா? தன் களத்தில் கேட்கத் தெரிந்தவனுக்குப் பொதுக் களத்திலும் கேட்கத் தெரியும். கேட்கும் உரிமையும் உண்டு.

ஒலுவிலில் நிற்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வானத்திலிருந்து இறங்கியதன்று. யுத்தத்தினால் வந்தாறுமூலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் செல்லவியலாது நம் பிள்ளைகள் தவித்த காலத்தில், 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகப் பிறந்தது; 1996 மே மாதத்தில் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் உருவாக்கத்தில் அன்றைய அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் உழைப்பை நன்றியுள்ள எவரும் மறவார். குவைத் நிதியத்தின் கடனுதவியில் அங்கே கட்டிடங்கள் எழுந்தன. இன்று சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடமும், ஒலுவிலில் பொறியியல் பீடமும் இயங்குகின்றன. சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் அங்கே ஒரே வகுப்பில் அமர்கின்றனர்.

இப்பல்கலைக்கழகம் யார் பணத்தில் நடக்கிறது? 1945இல் கன்னங்கரா அவர்கள் நிலைநிறுத்திய இலவசக் கல்வியின் பயனாக நம் பிள்ளை கட்டணமின்றிப் பட்டம் பெறுகிறான். ஆனால் கட்டணமில்லை என்பதால் செலவில்லை என்று பொருளாகாது! திறைசேரி கொடுக்கிறது, திறைசேரிக்கு நாம் கொடுக்கிறோம். 2024 சனவரியில் 18 சதவீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரி, உழவு இயந்திரத்துக்கு ஊற்றும் டீசலையும் தொட்டதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே, அங்கே எரியும் ஒவ்வொரு விளக்கிலும் உங்கள் வியர்வையின் பங்கு இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரை, பொதுநிதியைச் செலவிடும் நிறுவனங்களின் கணக்கை ஆராயும் கடமையைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதியிடம் ஒப்படைத்திருக்கிறது. அவர் பாராளுமன்றத்துக்கே அறிக்கை சமர்ப்பிப்பவர். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டமும், 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டமும் இக்கடமையை மேலும் வலுப்படுத்துகின்றன. பிந்திய சட்டம், மோசடியாலோ கவலையீனத்தாலோ நேர்ந்த இழப்பை அதற்குப் பொறுப்பானவரிடமே அறவிடும் மிகைக்கட்டண முறையையும் வகுத்தது. பாராளுமன்றத்தில் 1979 முதல் இயங்கும் ‘கோப்’ குழு, அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கிறது.

கணக்காய்வாளரின் கருத்து நால்வகைப்படும். கணக்கு உண்மையும் நியாயமுமான நிலையைக் காட்டுகிறது என்பது முதல் வகை. இன்ன இன்ன விடயங்கள் நீங்கலாகச் சரி என்பது இரண்டாவது. கணக்கு மொத்தத்தில் உண்மை நிலையைக் காட்டவில்லை என்பது மூன்றாவது. போதிய சான்று கிடையாமையால் கருத்தே கூறவியலாது என்பது நான்காவது. இரண்டாம் வகைக் கருத்து வந்ததும் “களவு பிடிபட்டது!” என்று தெருவில் கூவுவது அறியாமை. முதல் வகை வந்தவுடன் “குறையே இல்லை!” என்று மார்தட்டுவதும் அறியாமையே. கருத்து ஒரு பந்தியில் முடிந்துவிடும். அதன் பின்வரும் அவதானிப்புகளிலேதான் பொருள் இருக்கிறது.

எங்கே பார்க்க வேண்டும்?

எந்தப் பல்கலைக்கழகத்தின் அறிக்கையைக் கையில் எடுத்தாலும் ஐந்து இடங்களைப் பாருங்கள். உயர்கல்விக்கென வெளிநாடு சென்று திரும்பாத விரிவுரையாளரின் பிணைமுறிப் பணம் அறவிடப்பட்டதா? வாங்கிய கருவிகள் ஆய்வுகூடத்தில் இயங்குகின்றனவா, பெட்டியிலேயே உறங்குகின்றனவா? தொடங்கிய கட்டிடம் உரிய காலத்தில் முடிந்ததா? வெற்றிடமான பதவிகள் எத்தனை? ஊழியருக்குச் சேர வேண்டிய பணிக்கொடைக்குப் பணம் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறதா, ஏட்டில் மட்டும் எழுதப்பட்டிருக்கிறதா? ஐந்து வருடம் சேவை செய்த மாதச் சம்பளக்காரருக்கு, வருடமொன்றுக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். இன்று ஒதுக்காத கடனை நாளைய மாணவனின் நூல்நிலையப் பணத்திலிருந்தா கொடுப்பது?

ஆனால் நண்பர்களே, நாணயத்துக்கு இரு பக்கம் உண்டு. 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது முறிந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டிற்று. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. மின்சாரமின்றி ஆய்வுகூடம் நடக்குமா? அத்தகைய வேளையில் மானியத்தைச் சுருக்கிவிட்டுப் பின்னர், “நிதிநிலை சரியில்லை” என்று நிறுவனத்தைக் குறைகூறுவது நியாயமாகாது. 2012இல் விரிவுரையாளர்கள் தேசிய உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கக் கோரிப் போராடினார்கள். அக்கோரிக்கை இன்றும் நியாயமானதே. கொடுக்க வேண்டியதைக் கொடு என்று கொழும்பை நோக்கிக் கேட்போம். கொடுத்ததற்குக் கணக்குக் காட்டு என்று ஒலுவிலை நோக்கியும் கேட்போம். இரண்டாவதைக் கேளாதவனுக்கு முதலாவதைக் கேட்கும் வலிமை ஒருநாளும் வாராது.

நான் இளம் சட்டத்தரணியாயிருந்தபோது ஒரு பொதுச் சங்கத்தின் கணக்கை அதன் கூட்டத்தில் கேட்டேன். “எங்கள் சங்கத்தைப் பிறர் முன் காட்டிக் கொடுக்கிறீரா?” என்று என் வாயை அடைத்தார்கள். நானும் அடங்கினேன். மூன்று வருடத்தின் பின் சங்கமே இல்லை; பங்குப்பணம் இட்ட விதவைகளும் ஏழை விவசாயிகளும் என் வாசலில் நின்றார்கள். அன்று மௌனமாயிருந்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அதே குரல் இன்று பல்கலைக்கழகத்தின் பெயராலும் எழக்கூடும். “நம்மவர் நிறுவனம், குறை பேசினால் எதிரிக்கு வாய்ப்பு” என்பார்கள். நம்மவர் நிறுவனம் என்பதனாலேயே நாம் கேட்க வேண்டும்! உங்கள் வழக்கில் அமானிதம் என்கிறீர்களே, அதன் பொருள் என்ன? ஒப்படைத்தவன் கேட்கும்போது முகம் சுளிக்காது எடுத்துக் காட்டுவதன்றோ அமானிதம்?

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படும் அறிக்கையை ஊர்தோறும் நூல்நிலையத்தில் தமிழில் வைக்கக் கோருவோம். இரண்டாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துவோம். எந்தப் பிரசையும் கேட்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படல் வேண்டும். மூன்றாவது, பல்கலைக்கழகப் பேரவையில் வெளியிலிருந்து நியமிக்கப்படுவோர் மாலை வாங்குவதற்காக அங்கு அமர்த்தப்படவில்லை; சென்ற வருடக் குறைகளில் எவை திருத்தப்பட்டன என்று ஆண்டுக்கொரு முறையேனும் மக்கள் முன் அவர்கள் கூறட்டும்.

வட்டவிதானை வாய்க்காலைச் சுற்றிப் பார்ப்பது அணைக்கட்டின் மேல் கொண்ட பகையினாலா? எங்கே கசிகிறது என்று அறிந்தால்தான் கடைமடை வயலுக்கும் நீர் பாயும். ஒலுவிலின் கடைமடை வயல், இவ்வூரில் இன்று மண்ணெண்ணெய்க் கடை வாசலில் நின்று உயர்தரப் பரீட்சைக்குப் பணம் சேர்க்கும் ஏழைப் பிள்ளையே. அவனுக்காகக் கேளுங்கள், அஞ்சாது கேளுங்கள்!