ஸ்டோர்ஸ் வரை நடந்து போங்கள்



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் இன்னும் சில மாதங்களில் ஈஆர்பி கன்சல்டன்ட் என்ற பெயரில் வேலைக்குச் சேருவீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் மட்டுமல்ல, மெக்கானிக்கல் படித்தவர்களும் பி.காம். படித்தவர்களும் இந்த வேலைக்கு வருகிறார்கள். கல்யாண வீட்டில் யாராவது "பொண்ணு என்ன வேலை பார்க்குது?" என்று கேட்டால் உங்கள் அப்பா "கம்ப்யூட்டர் கம்பெனியில" என்பார். அதற்கு மேல் ஒரு கேள்வி வந்தால் "இருங்க, அவளையே கூப்பிடறேன்" என்று எழுந்துவிடுவார். இனி அவர் எழ வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக, இந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிரிப்பதற்கு அதில் நிறைய இருக்கிறது, தாராளமாகச் சிரியுங்கள். பல வருடங்களாக நான் விரும்பிச் செய்துவரும் வேலை இது.

ஒரு தொழிற்சாலைக்குச் சரக்கு லாரி வருகிறது. வாசலில் கேட் என்ட்ரி போடுகிறார்கள். ஸ்டோர்ஸில் சரக்கை எண்ணி, எடை போட்டு, வரவு வைக்கிறார்கள். பிறகு அக்கவுன்ட்ஸில் மூன்று காகிதங்களை ஒப்பிடுகிறார்கள்: நாம் கொடுத்த ஆர்டர், ஸ்டோர்ஸ் வைத்த வரவு, சப்ளையர் அனுப்பிய பில். மூன்றும் ஒத்துப்போனால்தான் சப்ளையருக்குப் பணம் போகும். அந்தப் பணம் வந்தால்தான் அவர் தன் பட்டறையில் சனிக்கிழமை கூலி கொடுப்பார். இந்தச் சங்கிலி முழுவதையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவருவதுதான் ஈஆர்பி. அதை அந்தத் தொழிற்சாலையின் நடைமுறைக்கு ஏற்ப அமைத்துக் கொடுப்பவர் கன்சல்டன்ட்.

இந்தத் துறையின் பெரிய பெயர் எஸ்ஏபி. 1972-இல் ஐபிஎம்மை விட்டு வெளியே வந்த ஐந்து பேர் மேற்கு ஜெர்மனியில் அதைத் தொடங்கினார்கள். முதல் வாடிக்கையாளர், ஓஸ்ட்ரிங்கன் என்ற சிற்றூரில் இருந்த ஐசிஐ நிறுவனத்தின் நைலான் ஆலை. அவர்களிடம் சொந்தமாகக் கணினி கிடையாது. வாடிக்கையாளரின் கணினி அறையிலேயே இரவுகளிலும் வார இறுதிகளிலும் உட்கார்ந்து எழுதினார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வந்துவிடும். உலகம் முழுவதும் பரவிய ஒரு மென்பொருள் ஓர் ஆலையின் வளாகத்துக்குள், அதைப் பயன்படுத்தப் போகிறவர்களின் பக்கத்தில் பிறந்திருக்கிறது!

சரி, நம் நாளுக்கு வருவோம். மாதத்தின் முதல் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்கு போன் அடிக்கிறது. ஆலை வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. சரக்கை வரவு வைக்க முடியவில்லை. கணக்கில் புதிய மாதத்தைத் திறந்துவிட்டால்தான் மென்பொருள் புதிய தேதியில் சரக்கை ஏற்கும். நள்ளிரவில் தானாக ஓட வேண்டிய அந்த வேலை ஏதோ காரணத்தால் ஓடவில்லை. நீங்கள் ஒரு கையில் காபியோடு லேப்டாப்பைத் திறந்து, நாலைந்து கட்டங்களை நிரப்பி, ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். இரண்டு நிமிட வேலை. அங்கே லாரிகள் நகரத் தொடங்குகின்றன. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி உங்களை ஒரு மந்திரவாதி என்றே நம்புகிறார். வீட்டில் அம்மா மட்டும் "விடிஞ்சதும் விடியாததுமா அந்தப் பெட்டியைத் திறந்தாச்சா?" என்கிறார்.

அலுவலகம் போனதும் டிக்கெட்டுகள். பயனர்கள் தங்கள் சிக்கலை எழுதி அனுப்பும் முறைக்கு அந்தப் பெயர். "சிஸ்டம் ஓடலை. மிக அவசரம்" என்று ஒரு டிக்கெட் வரும். எந்தத் திரை, எந்த ஆர்டர், என்ன பிழை, எதுவும் இருக்காது. கூடவே மொபைலில் எடுத்த ஒரு போட்டோ. அதில் மேஜை தெரியும், டீ டம்ளர் தெரியும், சாமி படம் தெரியும். பிழை எண் இருக்கும் இடத்தில் மட்டும் சரியாக டியூப்லைட் வெளிச்சம் விழுந்திருக்கும். நீங்கள் போன் செய்வீர்கள். "அண்ணா, கீழே சிவப்பா ஒரு வரி இருக்கும் பாருங்க, அதை வாசிங்க." "அது இங்கிலீஷ்ல என்னமோ திட்டுதுங்க மேடம்."

இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள், அவரும் சிரிப்பார். ஆனால் அவர் சொன்னது நிஜம். ஒரு பிழைச் செய்தி நாலு பேருக்கு நடுவில் அவரைத் திட்டத்தான் செய்கிறது. இனி என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை. அந்த வரியை அவருக்குப் புரியும் தமிழில் மாற்றி எழுதும் வசதி மென்பொருளிலேயே பல இடங்களில் உண்டு. அரை நாள் செலவழித்தால் முடியும். அந்த அரை நாளைத் தயவுசெய்து செலவழியுங்கள்.

பதினொரு மணிக்குக் கூட்டம். புதிய முறை எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாத் துறைத் தலைவர்களும் பேசுவார்கள். எத்தனை அருமையான ரிப்போர்ட்டைத் திரையில் காட்டினாலும் "இது எக்செல்ல வருமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். "ஒரே ஒரு சின்ன மாற்றம்" என்று யாராவது தொடங்கினால் அன்று மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான்.

அப்படி ஒரு கூட்டத்தில் பழைய டெலிவரி சலானை மேஜையில் விரித்து வைத்திருந்தார்கள். அதன் அடியில் தலைப்பே இல்லாத ஒரு வெற்றுக் கட்டம். எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. பர்சேஸ் மேலாளருக்குத் தெரியவில்லை, அக்கவுன்ட்ஸுக்குத் தெரியவில்லை. எடுத்துவிடலாம் என்று முடிவே ஆகிவிட்டது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் கேட் வரை நடந்து போய்க் கேட்டு வந்தாள். லாரி எடைமேடையில் ஏறி இறங்கியதும் செக்யூரிட்டி அந்தக் கட்டத்தில்தான் வெற்று வண்டியின் எடையை எழுதுவார். சரக்கின் நிகர எடைக்கு அந்த ஆலையில் இருந்த ஒரே எழுத்துச் சான்று அதுதான்! கூட்ட அறையில் அத்தனை பேர் மணிக்கணக்காகப் பேசியும் வராத விவரம், கொஞ்ச தூரம் நடந்ததும் கிடைத்துவிட்டது.

மதியத்துக்குப் பிறகு ஜெர்மனி விழிக்கும், மாலையில் அமெரிக்கா. அழைப்புகள் நீளும். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போகப் போகப் பழகிவிடும். நடுவில் அரசாங்க விதி ஏதாவது மாறும். ஜிஎஸ்டி வந்த 2017 ஜூன் 30 இரவில் இந்தியாவின் பல தொழிற்சாலைகளில் கன்சல்டன்ட்கள் கண் விழித்து உட்கார்ந்திருந்தார்கள். மின்-விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்குத் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கி வந்தது. அந்த விலைப்பட்டியலுக்கு அரசுத் தளம் தரும் எண் கிடைக்காவிட்டால் சரக்கு வெளியே போக முடியாது. நீங்கள் சரிசெய்யும் வரை டிரைவர் வண்டிக்கடியில் துண்டு விரித்துப் படுத்திருப்பார்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

கோவைப் பக்கம் பம்ப்செட் செய்யும் ஓர் ஆலை. வார்ப்புகளைக் கிலோ கணக்கில் வாங்குகிறார்கள், ஸ்டோர்ஸில் எண்ணிக்கையில் வைக்கிறார்கள். ஒரு வார்ப்பு 5 கிலோ என்று மென்பொருளில் பதிந்திருக்கிறது. 1,000 கிலோ வந்தால் 200 வார்ப்பு என்று அது தானாகவே வரவு வைத்துக்கொள்ளும். ஆனால் வார்ப்பு என்பது அச்சுக்கு அச்சு கொஞ்சம் கூடும், குறையும். உண்மையில் 196 தான் வந்திருக்கும். மாதக் கடைசியில் இருப்பு எடுத்தால் குறைகிறது. ஸ்டோர்கீப்பரிடம் விளக்கம் கேட்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் கேட்கிறார்கள். கேட்கும் தொனி மாறிக்கொண்டே வருகிறது.

அந்தப் பெரியவர் வாதாடவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்துக் கொடுத்தார். தேதி, லாரி எண், கிலோ, கையால் எண்ணிய எண்ணிக்கை என்று வரிக்கு வரி நீல மையில் எழுதியிருந்தார். "நான் எண்ணித்தானுங்க வைக்கறேன். அது வகுத்து வைக்குது" என்றார். சிக்கல் முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருந்தது. எண்ணிக்கையைத் தனியாகத் திருத்த வரவுத் திரையில் ஒரு கட்டம் ஏற்கனவே உண்டு. அதை அவருக்கு யாரும் காட்டிக் கொடுத்திருக்கவில்லை. காட்டிக் கொடுத்தோம். அடுத்த மாதம் இருப்பு சரியாக வந்தது. அவர் அந்த நோட்டைத் தொடர்ந்து எழுதிக்கொண்டுதான் இருந்தார். எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அப்படி ஒரு நோட்டைப் பார்க்க யாருமே வராவிட்டால் என்ன ஆகும்? பிரிட்டனில் நடந்தது. அங்கே அஞ்சல் துறை 1999-இல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கிளைகளில் வைக்கத் தொடங்கியது. ஃபுஜிட்சு நிறுவனத்தின் தயாரிப்பு. கிளைகளை நடத்தியவர்கள் துணை அஞ்சலதிகாரிகள். பெரும்பாலும் மளிகைக் கடையோடு அஞ்சலகத்தையும் சேர்த்து நடத்தும் சாதாரண மனிதர்கள். அவர்களுடைய கணக்கில் பணம் குறைவதாக மென்பொருள் காட்டியது. ஒப்பந்தப்படி குறைந்ததை அவர்கள் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். பலர் சேமிப்பை இழந்தார்கள், வீட்டை இழந்தார்கள். உதவி எண்ணை அழைத்தவர்களில் பலர் பின்னாளில் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: "இந்தச் சிக்கல் உங்களுக்கு மட்டும்தான் வருகிறது" என்றுதான் அவர்களுக்குப் பதில் கிடைத்திருந்தது. 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டவர்கள் மீது வழக்குப் போடப்பட்டது. சீமா மிஸ்ரா என்ற பெண்மணி 2010-இல், கர்ப்பமாக இருந்தபோது சிறைக்கு அனுப்பப்பட்டார்.

ஆலன் பேட்ஸ் என்பவர் தலைமையில் துணை அஞ்சலதிகாரிகள் தொடுத்த வழக்கில், மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பிழைகளில் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நாளை உங்கள் டிக்கெட்டாக வரக்கூடியது. ஸ்காட்லாந்தில் டால்மெல்லிங்டன் என்ற ஊர். 2015-ஆம் ஆண்டு. வந்த 8,000 பவுண்டைப் பதியும்போது திரை அப்படியே நின்றது; பயனர் மறுபடி மறுபடி என்டர் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வரவு விழுந்தது. வராத 24,000 பவுண்டு கணக்கில் ஏறி, அவ்வளவும் கையிருப்பில் குறைவதாகக் காட்டியது. திரை நகராவிட்டால் மறுபடி தட்டாத மனிதர் இந்த அரங்கில் உண்டா?

சீமா மிஸ்ராவின் தண்டனையை 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. எஞ்சியிருந்த நூற்றுக்கணக்கான தண்டனைகளை ரத்து செய்ய 2024-இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அதற்குள் அவர்களில் சிலர் இறந்துபோயிருந்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, கணக்கு தவறு என்று ஒருவர் போனில் சொன்னால் நான் முதலில் அவரை நம்பிவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறக்கிறேன். நீங்களும் அப்படித் தொடங்க வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன். பத்தில் சில முறை தவறு அவர் பக்கம்தான் இருக்கும். இருக்கட்டும். நம்பியதால் அந்தச் சில முறைகளில் உங்களுக்குப் போவது ஒரு மணி நேரம்.

இன்னொரு தைரியமும் உங்களுக்கு வேண்டும்: "இந்தத் தேதியில் முடியாது" என்று சொல்லும் தைரியம். ஹெர்ஷி என்ற அமெரிக்கச் சாக்லேட் நிறுவனம் நான்கு ஆண்டு வேலையை 30 மாதத்துக்குள் சுருக்கி, 1999 ஜூலையில் புதிய மென்பொருளுக்கு மொத்தமாக மாறியது. ஹாலோவீன் ஆர்டர்கள் குவியும் நேரம். கிடங்கில் சாக்லேட் இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. அவ்வளவு பெரிய நிறுவனம், தன்னிடம் இருக்கும் மிட்டாயையே கண்டுபிடிக்க முடியாமல் தவித்தது. தேதியைப் பற்றிப் பேச்சு வரும்போது, வயதில் சிறியவர்தானே என்று நீங்கள் வாய்மூடி இருக்க வேண்டாம். சோதனையை உங்கள் கையால் செய்தவர் நீங்கள்.

ப்ரோகிராம் எழுதும் வேலையை இயந்திரமே செய்துவிடுமே, எங்களுக்கு என்ன மிச்சம் என்று சிலர் கவலைப்படுவது எனக்குத் தெரியும். எழுதட்டும், எனக்கு அதில் மகிழ்ச்சிதான். நீல மை நோட்டு டிராயருக்குள் இருக்கிறது என்று அதற்கு யார் சொல்வது? அந்தப் பெரியவர் டிராயரைத் திறந்தது, எதிரே ஒருவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் கொடுத்த டீயைக் குடித்த பிறகுதான்.

நீங்கள் வேலைக்குச் சேரும் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். எஸ்ஏபியின் பழைய பதிப்புக்கு அந்த நிறுவனம் தரும் வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. அதனால் ஏராளமான நிறுவனங்கள் புதிய பதிப்புக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. உங்களில் பலருக்கு முதல் வேலை அந்த மாற்றத்தில்தான் இருக்கும். அங்கே இசட் என்ற எழுத்தில் பெயர் தொடங்கும் ப்ரோகிராம்களின் நீண்ட பட்டியல் ஒன்று உங்களிடம் வரும். அந்த நிறுவனம் தன் தேவைக்காகத் தானே எழுதிக்கொண்டவை அவை. எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்று நீங்கள் குறிக்க வேண்டும். கடந்த ஓராண்டில் யாரும் ஓட்டவில்லை என்றால் நீக்கு என்பது வழக்கமான விதி. பட்டியலில் அப்படி ஒரு பெயரைக் கண்டால், நீக்கு என்று குறிப்பதற்கு முன் அதை யார் கேட்டு எழுதினார்கள் என்று தேடிப் பாருங்கள். ஓய்வு பெற்றிருந்தால் வீட்டு எண்ணை வாங்கிப் பேசுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓட்டப்படும் ஊதிய ஒப்பந்த நிலுவைக் கணக்காகக்கூட அது இருக்கலாம்.