ஒரு செல்லுக்கு அறுவைச் சிகிச்சை

கத்தரிக்கோலும் நூலும் பொறுமையும் கொண்டு செய்யும் ஒரு கைவேலையைப் பற்றி இன்று பேசுகிறேன். அறுவை நடப்பது ஒரே ஒரு செல்லுக்கு.

குளங்களிலும் வயல்நீரிலும் வளரும் பாசிகள் காராவும் நைட்டெல்லாவும். இரண்டு கணுக்களுக்கு இடையில் இருப்பது ஒரே நீண்ட செல். சில இனங்களில் பல சென்டிமீட்டர் நீளம் வரும். அதற்குள் சாறு ஓயாமல் சுற்றி ஓடுவதை இத்தாலியரான பொனவெந்தூரா கோர்த்தி 1774-இலேயே எழுதிவைத்தார்.

நுண்ணோக்கியில் வைத்தால், செல்சுவரை ஒட்டிப் பசுங்கணிகங்கள் வரிசைவரிசையாக அசையாமல் நிற்கும். அவற்றுக்கு உட்புறம் துகள்கள் ஒரு பக்கம் ஏறி, முனையில் திரும்பி, மறுபக்கம் இறங்கும். ஏறும் ஓட்டத்துக்கும் இறங்கும் ஓட்டத்துக்கும் நடுவே பசுங்கணிகமே இல்லாத வெளிறிய கோடு ஒன்று. ஓட்டம் நின்றால், ஒரு முனையில் இருக்கும் பொருள் தானாகப் பரவி மறுமுனை சேர நாள்கணக்காகும்.

ஓட்டுவது எது? விசை, அசையாத புறப்படலமும் ஓடும் உள்சாறும் தொடும் இடத்தில்தான் பிறக்கிறது என்று ஒசாகாவில் நொபுரோ காமியாவும் கியோகோ குரோதாவும் 1956-இல் காட்டினார்கள். அங்கே ஆக்டின் என்ற புரத இழைகள் தண்டவாளம்போல் கிடக்கின்றன. மயோசின் என்ற புரதம் நுண்ணுறுப்புகளைப் பிடித்துக்கொண்டு அவற்றின்மேல் ஓடுகிறது. காராவின் மயோசின் நம் தசையில் உள்ளதைவிடப் பல மடங்கு வேகமானது.

என்னை வியக்கவைப்பது ஆய்வாளர் மசாஷி தசாவாவின் கைத்திறன். செல்லைச் சற்று வாடவிட்டு, இரு முனைகளையும் வெட்டி, நடுவே உள்ள நுண்குமிழின் சாற்றை மட்டும் வெளியேற்றி, தாம் கலந்த கரைசலைப் பாய்ச்சி, நூலால் முடிச்சுப் போட்டுவிடுவார். செல் பிழைத்துக்கொள்ளும், ஓட்டமும் நடக்கும்! 1983-இல் ஷீட்ஸ், ஸ்புடிச் என்ற ஆய்வாளர்கள் நைட்டெல்லா செல்லைப் பிளந்து விரித்து, விலங்குத் தசையின் மயோசினைப் பூசிய நுண்மணிகளை அதன்மேல் விட்டார்கள். மணிகள் பாசியின் இழைகள்மேல் வரிசை தப்பாமல் ஓடின. தசைக்கும் பாசிக்கும் உள்ள உறவு கண்ணெதிரே தெரிந்தது.

இனி காயம். செல்லைத் தட்டினாலே ஓட்டம் சட்டென்று நிற்கும். உள்ளே கால்சியம் கூடுவதுதான் காரணம். சில நிமிடங்களில் மெல்ல மீளும். சுவரருகே காயம் பட்டால், அந்த இடத்தில் நுண்பைகள் குவிந்து, தம் சரக்கை வெளியே கொட்டி, புதுச்சுவர் எழுப்புகின்றன. சால்ஸ்பர்க்கின் இல்சே ஃபோய்ஸ்னர் இதைப் படிப்படியாகக் கவனித்து எழுதியிருக்கிறார். கடற்பாசி பிரையோப்சிஸ் இதையும் மிஞ்சும்: அதைப் பிழிந்து கடல்நீரில் விட்டால், சிதறிய நுண்ணுறுப்புகள் ஒன்றுகூடி, முதலில் பசைபோன்ற உறையும் பிறகு முறையான சவ்வும் போர்த்திக்கொள்கின்றன.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இவை ராட்சதச் செல்கள். இங்கே கண்டதெல்லாம் சாதாரணச் செல்லுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் விலைமிக்க கருவிகள் இல்லாமல், உயிருள்ள செல்லிடமே கேள்வி கேட்டுப் பதில் வாங்கிய முறை இது. அந்த வகையில் இதற்கு ஈடு குறைவு.

தாவரவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். காராவைப் பதப்படுத்திய சிலைடில் மட்டும் காட்டி முடித்துவிடாதீர்கள். குளத்து நீரோடு உயிருள்ள நைட்டெல்லாவைக் கொண்டுவாருங்கள். சுண்ணாம்புப் படிவு அதில் குறைவு, உள்ளே தெளிவாகத் தெரியும். கல்லூரியில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியே போதும்.